கழகமும் காவலும்

சூதாடும் இடத்திற்குத் தமிழில் வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று கழகம் என்பது. திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய ‘சூது’ என்பதில் இச்சொல் இரண்டு குறட்பாக்களில் வருகின்றது. ஈரிடத்தும் அது சூதாடு களத்தையே குறிக்கும். கம்பர் வாக்கில் அதே சொல் கலை பயிலும் இடத்தைச் சுட்டக் காண்கின்றோம். நம் காலத்திலோ அது முற்றும் நற்பொருட்டாயிற்று. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் நிறுவியது கம்பன் கழகம். அவ்வூரிலேயே 1985 முதல் விளங்குவது அழகப்பா பல்கலைக்கழகம். வள்ளுவர் இன்று காரைக்குடிக்கு வந்து பெயர்ப்பலகைகளைப் படிப்பாராயின் ஒரு கணம் திகைப்பார் போலும்.

சொற்பொருள் மாற்றம் தனி ஆராய்ச்சிக்கு உரியது. ஈண்டு எடுத்துக்கொண்டது அச்சொல் அன்று சுட்டிய இடத்தின் வரலாறு ஆகும். சூதைக் காவல் செய்யப் புகுந்த அரசுகள் யாவும் அதன் இடத்தையே பற்றி நின்றன. அவ்விடம் இல்லாது ஒழிந்தபோது சட்டம் எவ்வாறு தடுமாறிற்று, எதனைப் பற்றிக்கொண்டு எழ முயல்கின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். இணையவழிச் சூதாட்டத்தை ஒடுக்கத் தமிழ்நாட்டில் 2020 முதல் நிகழ்ந்த முயற்சிகள் இதற்கு நேரிய சான்று.

சூது அதிகாரத்தின் ஐந்தாம் குறளில் மூன்று பெயர்கள் அடுக்கி வருகின்றன: கவறு, கழகம், கை. கவறு என்பது ஆடும் கருவி. கழகம் ஆடும் களம். கை என்பதற்குப் பரிமேலழகர் ஆடற்கு வேண்டும் கைத்தொழில் எனப் பொருள் காண்பர். கருவி, இடம், திறன் என இவற்றை இக்கால நடையில் கூறலாம். இம்மூன்றனையும் மேற்கொண்டு விடாது நின்றார் வறியர் ஆயினர் என்பது அக்குறளின் கருத்து. பிற்காலச் சட்ட நூலார் சூதாட்டத்தை வரையறுக்கப் புகுந்தபோது இம்மூன்றையே மையமாகக் கொண்டனர். அவர் குறள் கற்று அவ்வாறு செய்தார் என்று கூறுதற்கு இடமில்லை. பொருளின் இயல்பு அத்தகையது.

கருவிக்கு இதனினும் பழைய சான்று உண்டு. ‘வல்’ என்னும் சூதுப் பெயர் ‘நாய்’, ‘பலகை’ என்னும் சொற்களோடு புணரும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளி மயங்கியலில் தனியே விதிக்கின்றார். வல்லுநாய் என்றும் வல்லநாய் என்றும், வல்லுப்பலகை என்றும் வல்லப்பலகை என்றும் அவை வரும். நாய் என்றது ஈண்டுக் காயினை, விலங்கினை அன்று. இலக்கணம் தனி விதி வகுத்துப் போற்றும் அளவிற்குக் காயும் பலகையும் அன்றாட வழக்கில் பயின்றமை இதனாற் பெறப்படும்.

இனிக் கழகம். வடமொழிப் பொருள்நூலில் கௌடிலியர் இதனைப் பற்றிக் கூறுவது கருதத்தக்கது. சூதிற்கென ஓர் அதிகாரியை அமைத்து, ஆட்டம் முழுவதையும் ஓரிடத்தே நடத்துவிக்க வேண்டும் என்பது அவர் விதி. பிறவிடத்தில் ஆடுவார்க்குப் பன்னிரண்டு பணம் தண்டம். வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து அரசிற்கு உரியது; கவறு முதலியவற்றிற்கு வாடகையும் உண்டு. மறைந்து வாழ்வாரை அறிதல் இவ்வமைப்பின் நோக்கம் என அவர் வெளிப்படக் கூறுகின்றார். ஆடுவோன் அழிவைப் பற்றி வள்ளுவர் பத்துக் குறளும் கூறும். கழகம் நடத்துவோனைப் பற்றி ஒரு குறளும் இல்லை. கௌடிலியர்க்கு நடத்துவோனே முதற்பொருள். அறநூல் ஆடுவோனை நோக்கும்; பொருள்நூல் களத்தை நோக்கும். இவ்வேறுபாட்டை மனங்கொண்டு மேற்செல்வோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாநகர்க்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவற் சட்டத்தில் சூதாட்டப் பிரிவுகள் அமைந்தன. நகர்க்கு வெளியே உள்ள ஊர்களுக்கு 1930இல் தனிச் சூதாட்டச் சட்டம் வந்தது. காரைக்குடியும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் அந்நாளில் இராமநாதபுர மாவட்டத்தைச் சார்ந்தவை. ஆதலின் இவ்வட்டாரத்தை ஆண்டது 1930ஆம் ஆண்டுச் சட்டமே. இன்றும் அது நடப்பில் உள்ளது.

அச்சட்டத்தின் உயிர்நிலை ‘பொதுச் சூதாட்ட இல்லம்’ என்னும் வரையறை. வீடு, அறை, கூடாரம், அடைப்பு, வண்டி, கலம், வேறு எவ்விடமும் அதனுள் அடங்கும். ஆங்குச் சீட்டோ கவறோ பிற சூதுக் கருவியோ இருத்தல் வேண்டும். அவற்றால் அவ்விடத்தை உடையவனுக்கோ நடத்துவோனுக்கோ ஊதியம் வருதல் வேண்டும். இடம், கருவி, ஊதியம் ஆகிய மூன்றும் கூடினாலன்றிக் குற்றம் முற்றுப்பெறாது. சோதனையிற் கருவிகள் அகப்படின் அதுவே இல்லத்தின் தன்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படும். திறன் ஒன்றே சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கும் உண்டு. கவறும் கழகமும் கையும் ஒருங்கே வந்தமை காண்க.

இவ்வரையறையின் நுட்பத்தைச் செட்டிநாட்டு வழக்கால் விளக்கலாம். மணவிழாவிற்கு வந்த உறவினர் இரவிற் பட்டாலையில் விரிப்பிட்டுச் சீட்டாடுதல் இப்பகுதியார் கண்டு பழகியதே. காசு வைத்து ஆடினும் வீட்டுக்காரர்க்கு அதனால் வருவாய் இல்லை. ஆதலின் அவ்வீடு பொதுச் சூதாட்ட இல்லம் ஆகாது. ஆட்டத்திற்கு இவ்வளவு என்று அவர் ஒதுக்கிக் கொள்வாராயின் அதே பட்டாலை அக்கணமே சட்டத்தின் வாய்ப்படும். வீட்டின் அமைப்பு மாறவில்லை, ஆடுவோரும் மாறவில்லை, ஊதியத்தின் போக்கு மட்டுமே மாறிற்று. இக்கருத்து பின்னர்ப் பயன்படும்.

சீட்டு என்னும் சொல்லும் இங்கே ஒரு சிறிது நம்மை நிறுத்துகின்றது. நகரத்தார் தம் கடல்கடந்த கடைகளுக்கு மேலாளை அனுப்பும்போது எழுதிக்கொண்ட ஒப்பந்தத்திற்குச் சம்பளச் சீட்டு என்று பெயர். மாதந்தோறும் பலர் கூடிப் பணம் கட்டி ஒருவர் எடுப்பதும் சீட்டு. ஆடுவதும் சீட்டு, அரசு விற்ற பரிசுத் தாளும் சீட்டு. நம்பிக்கை, சேமிப்பு, சூது ஆகிய மூன்றிற்கும் மொழி ஒரே சொல்லை வழங்கிற்று. சட்டமோ இவற்றைப் பிரித்துப் பிரித்து வேலி கட்ட நேர்ந்தது: சீட்டு நிதிக்கு 1961இல் மாநிலச் சட்டம், 1982இல் நடுவணரசுச் சட்டம், பரிசுச் சீட்டுத் திட்டங்களைத் தடுக்க 1978இல் வேறொன்று. அரசே பரிசுச் சீட்டு நடத்தியதும் உண்டு. தமிழக அரசு 1968இல் அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது அதனைத் தொடங்கிற்று. 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் மாநிலம் முழுவதும் பரிசுச் சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. சூதின்மேல் அரசு கொண்ட நோக்கு என்றும் ஒருபடித்தாய் இருந்ததில்லை.

மூன்றாவதாகிய ‘கை’ நீதிமன்றத்தில் வளர்ந்தது. உச்சநீதிமன்றம் 1957இல் பரிசுப் போட்டிகள் பற்றிய வழக்குகளில் திறன் ஆட்டத்தையும் வாய்ப்பு ஆட்டத்தையும் வேறுபடுத்திற்று. சூதாட்டம் அரசியலமைப்பு காக்கும் வணிகம் அன்று என்றது. ஆந்திர மாநில வழக்கு ஒன்றில் ரம்மி ஆட்டம் மூன்று சீட்டு ஆட்டம் போல முழுதும் வாய்ப்பைச் சார்ந்ததன்று. இறங்கும் சீட்டுகளை நினைவில் வைத்தலும் கூட்டுதலும் விடுதலும் அதில் உண்டு. ஆதலின் அது பெரும்பாலும் திறனாட்டம் என்று 1967 நவம்பரில் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கும் ஒரு மன்றத்தைப் பற்றியதே. அம்மன்றம் ஆட்டத்தால் ஊதியம் கொள்ளின் நிலை வேறாகலாம் என்னும் குறிப்பும் அத்தீர்ப்பில் உண்டு. பின்னாளில் பலரும் முற்பகுதியை எடுத்தாண்டு பிற்பகுதியை மறந்தனர் என்பது என் கருத்து. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974இல் இயற்றிய சட்டமும் இவ்வேறுபாட்டின்மேல் மோதிற்று; 1996இல் உச்சநீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறன் சார்ந்தது என்று கொண்டது.

இந்நிலையில் கைபேசி வந்தது. களமும் கவறும் ஒருங்கே மறைந்தன. ஆடுவோன் காரைக்குடியில் இரண்டாங்கட்டில் படுத்திருப்பான். எதிராடுவோர் எவ்வூரார் என்று அறியான். சீட்டைக் கலைப்பது கணிப்பொறி. நடத்துவோன் வேறு மாநிலத்தான், அல்லது வேறு நாட்டான். காவலர் பிடித்து வருதற்குக் கட்டும் இல்லை, காயும் இல்லை. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் பித்தளைத் தாயக்கட்டைகளை இன்றும் விலைக்கு வாங்கலாம். 1930ஆம் ஆண்டின் சட்டம் கவறு என்று பெயர் சொல்லிச் சுட்டுவது அவற்றையே. புதிய செயலிகள் முதன்முறை சேர்வார்க்கு ஊக்கத்தொகை கொடுத்து அழைத்தன. சூதில் வரும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் இரையோடு ஒப்பிட்ட முதற்குறளுக்கு இதனினும் பொருத்தமான உரை கிடைப்பது அரிது.

சிவகங்கை மாவட்டத்து வழக்குகள் செல்லும் உயர்நீதிமன்றக் கிளை மதுரையில் உள்ளது. பணம் வைத்துச் சீட்டாடியதாகப் பதிவான சிறு வழக்கு ஒன்று 2020 ஜூலையில் அக்கிளையின்முன் வந்தது. அதனை விசாரித்த நீதிபதி பி. புகழேந்தி, திடலில் ஆடுவோர்மேல் சட்டம் பாயும்போது இணையத்தில் ரம்மி தடையின்றிப் பெருகுவதைச் சுட்டி, அதனை ஒழுங்குபடுத்த அரசு முன்வர வேண்டும் என்று கருத்துரைத்தார். பழைய சட்டத்தின் குறை ஒரு சிறு வழக்கின் வாயிலாகவே நீதிமன்றத்தில் வெளிப்பட்டமை வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் இழந்த பணத்திற்கும் பட்ட கடனுக்கும் ஆற்றாது உயிர்நீத்தோர் செய்தி நாளிதழ்களில் அடுத்தடுத்து வந்தது. நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 2021இல் அது திருத்தச் சட்டம் ஆயிற்று.

அத்திருத்தம் செய்தது யாது? இல்லாது போன களத்தைச் சொல்லால் மீட்க முயன்றது. கணிப்பொறி வெளியையும் ஆட்டக்களமாகச் சட்டத்துள் கொணர்ந்தது. அதனோடு அமையாது, பந்தயம் வைத்து ஆடும் திறனாட்டமும் குற்றமாகுமாறு பழைய விலக்கைச் சுருக்கிற்று. தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி ஆகியோர் அமர்வு 2021 ஆகஸ்ட் 3இல் அதனை முற்றும் செல்லாதாக்கியது. வேண்டும் அளவிற்கு மிக்க தடை என்பதும், திறனையும் வாய்ப்பையும் ஒன்றாக்கியது பொருந்தாது என்பதும் தீர்ப்பின் சாரம். வலை அகலமாக வீசப்பட்டமையால் அறுந்தது.

இரண்டாம் முயற்சி இன்னும் நிதானமானது. நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022 ஜூனில் அமைந்த குழு அத்திங்களிலேயே அறிக்கை தந்தது. அக்டோபரில் அவசரச் சட்டம். அத்திங்கள் 19இல் பேரவையில் சட்ட முன்வரைவு. அதன்பின் நெடுங்காலம் அது ஆளுநரிடம் நின்றது. 2023 மார்ச்சில் சட்டமன்றத்திற்கு இவ்வதிகாரம் இல்லை என்னும் குறிப்போடு திரும்பி வந்தது. அத்திங்களிலேயே பேரவை மீண்டும் நிறைவேற்றிற்று. ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. சூதும் பந்தயமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 34ஆம் இனமாக நிற்பவை. அவ்வினத்தின் பொருளையே ஐயுற நேர்ந்தது, அஃது எழுதப்பட்ட காலத்தில் களமில்லாச் சூதை எவரும் எண்ணாமையால் ஆகும்.

இச்சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுத்தது. பிற ஆட்டங்களைக் கண்காணிக்க ஓர் ஆணையம் அமைத்தது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் பத்து இலட்ச ரூபாய் வரை தண்டமும், விளம்பரம் செய்வோர்க்கு ஓராண்டு வரை சிறையும், ஆடுவோர்க்கு மூன்று திங்கள் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதித்தது. ரம்மியையும் போக்கரையும் அட்டவணையில் வாய்ப்பு ஆட்டங்களாக எழுதிற்று. 2023 நவம்பர் 9இல் உயர்நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி அவ்வட்டவணையை மட்டும் நீக்கிற்று. களத்தை ஒழித்துவிட்ட ஆட்டம் ‘கை’யின் துணையால் மீண்டும் தப்பியது.

ஆயினும் அத்தீர்ப்பு வயது, நேரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசிற்கு விட்டுவைத்தது. அதன்வழி 2025 பிப்ரவரியில் ஆணையம் விதிமுறைகள் வகுத்தது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடலாகாது. ஆதார் வழி ஆளடையாளம் காட்ட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதார் ஆடலாகாது. ஒரு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து ஆடுவார்க்கு அரைமணிக்கு ஒருமுறை எச்சரிக்கை தோன்ற வேண்டும். தனியுரிமை பறிபோகின்றது என்று நிறுவனங்கள் வழக்காடின. 2025 ஜூன் 3இல் உயர்நீதிமன்றம் விதிகளை ஏற்றது. தனியுரிமை எல்லையற்றது அன்று என்றது. இடத்தைக் காக்க இயலாத அரசு காலத்தைக் காக்கத் தொடங்கியது என இதனை நான் காண்கின்றேன். கதவைத் தட்ட இயலாமையின் கடிகாரத்தைப் பற்றிற்று. இதில் ஓர் அச்சமும் உண்டு. பழைய சட்டத்தில் காவலர் ஆணை பெற்று ஒரு வீட்டினுள் புகுவர். பிற வீடுகள் அமைதியாய் இருக்கும். புதிய முறையில் விளையாட வரும் ஒவ்வொருவரும் முன்னரே தம்மை இன்னார் என்று எழுதிக் கொடுத்தல் வேண்டும். மறைந்து வாழ்வாரை அறியக் கௌடிலியர் களம் அமைத்ததை இது நினைவூட்டுகின்றது.

பிற மாநிலங்கள் வேறு வழி கண்டன. கோவா, சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, விடுதிகளிலும் மாண்டவி ஆற்று மரக்கலங்களிலும் சூதாட்ட விடுதி நடத்த உரிமம் தந்தது. இது கௌடிலியர் வழியே. சிக்கிம் 2008இல் இணைய ஆட்டத்திற்கே உரிமச் சட்டம் இயற்றியது. பின்னர் 2015இல் அதனைத் திருத்தி, தன் எல்லைக்குள் குறித்த கூடங்களில் உள்வலை வழியாக மட்டுமே ஆடலாம் என்றது. இணையத்தை இழுத்து வந்து மீண்டும் ஒரு கழகத்துள் அடைத்த இம்முயற்சியைப் போல இடத்தின்மேல் சட்டத்திற்குள்ள பற்றினைக் காட்டுவது வேறில்லை. தெலங்கானா 2017இல் முழுத் தடையை மேற்கொண்டது. கருநாடகத்தின் 2021ஆம் ஆண்டுத் தடைச்சட்டம் மறு ஆண்டே நீதிமன்றத்தில் வீழ்ந்தது.

இங்கே முன்னர்க் கூறிய பட்டாலைச் சீட்டை நினைவு கூர்க. கவறு போயிற்று, கழகம் போயிற்று, கை என்பது வழக்கறிஞர் கையில் உள்ளது. 1930ஆம் ஆண்டின் வரையறையில் எஞ்சி நிற்பது ஒன்றே: நடத்துவோன் ஊதியம். சீட்டும் கவறும் கண்ணுக்குப் புலனாகாவிடினும் பணம் செல்லும் வழி புலனாகும். வங்கியோ பணம் மாற்றும் நிறுவனமோ இன்றி இணையச் சூது ஒரு நாளும் நடவாது. வரித்துறை இதனை முன்னரே உணர்ந்தது. 2023 ஏப்ரல் முதல் இணைய ஆட்ட வெற்றித் தொகையில் நூற்றுக்கு முப்பது பிடித்தமும், அக்டோபர் முதல் ஆடுவோர் செலுத்தும் தொகை முழுவதன்மேல் நூற்றுக்கு இருபத்தெட்டு சரக்கு சேவை வரியும் வந்தன. அவ்வாண்டு நவம்பரில் நடுவணரசு மகாதேவ் முதலிய 22 பந்தயச் செயலிகளையும் தளங்களையும் முடக்கிற்று. முடக்கிய தளம் வேறு பெயரில் மறுநாள் தோன்றுவதும் இத்துறையில் இயல்பு. பெயரை மாற்றலாம், பணம் வாங்கும் வழியை அத்துணை எளிதில் மாற்ற இயலாது.

நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் 21இல் நிறைவேற்றி மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம் இவ்வழியே சென்றது. திறனா, வாய்ப்பா என்னும் வினாவையே அது விலக்கியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் தடை. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் உண்டு. அதற்குப் பணம் கடத்தித் தரும் நிறுவனங்களுக்கும் அவ்வளவே. விளம்பரத்திற்கு இரண்டாண்டு வரை சிறையும் ஐம்பது இலட்சம் வரை தண்டமும் ஆகும். ஆடுவோனுக்குத் தண்டனை இல்லை. சில நாள்களுக்குள் நாட்டின் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின.

ஆடுவோனைத் தண்டியாமை இச்சட்டத்தின் சிறப்பான கூறு என்பேன். மாநிலச் சட்டம் அவனுக்குச் சிறை வைத்தது. 1930ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லத்தில் அகப்பட்டானைத் தண்டித்தது. கடனிற் பட்டு வீட்டாரிடம் மறைத்து வாழ்வான் ஒருவன், தண்டனைக்கு அஞ்சின், உதவி நாடி எவரிடமும் வாய் திறவான். வள்ளுவர் அவனைக் கடிந்தது அவன் திருந்தற்பொருட்டு. அறநூல் கடியலாம்; அதே கடிதலைச் சட்டம் மேற்கொள்ளின் கேடு அவன் குடும்பத்திற்கே. இக்கருத்தை மறுப்பாரும் உளர். தண்டனை அச்சமே பலரைத் தடுக்கும் என்பர். கிடைக்கும் தீர்ப்புகளையும் அறிக்கைகளையும் படித்தவரை அவ்வாறு கொள்ள எனக்கு இயலவில்லை.

திறன் ஆட்டத்தை அடியோடு தடுத்தல் தகுமா, மாநிலப் பட்டியலில் உள்ள பொருளில் நாடாளுமன்றம் புகலாமா என்று இச்சட்டத்தை எதிர்த்துப் பல உயர்நீதிமன்றங்களில் வழக்குகள் எழுந்தன. உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பரில் அவற்றைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. 2023இல் ஆளுநர் வாயிலாக மாநிலத்திற்கு இவ்வதிகாரம் இல்லை என்னும் வாதம் எழுந்தது. இப்போது நடுவணரசிற்கு இல்லை என்னும் வாதம் எழுகின்றது. 34ஆம் இனத்தில் உள்ள சூது என்னும் சொல் ஓர் ஊரில், ஒரு களத்தில் நிகழ்வதை மட்டும் குறிக்குமா, களமற்றதையும் குறிக்குமா என்பதைப் பொறுத்தே அவ்விரண்டாம் வினாவிற்கு விடை அமையும்.